தண்ணீர் கேனில் மெத்தனால்

என் அண்ணனை நினைத்தாலே எனக்கு இப்போது குமட்டுகிறது.

அப்பா விட்டுப்போன பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று எங்களிடம் இருந்தது. அவர் அதில் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வருவார், அவ்வளவுதான். அவர் காலமான பிறகு அண்ணனுக்கு அதைப் பந்தய வண்டியாக்கும் ஆசை பிடித்தது. பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால். பீர்க்கன்கரணையில் ஒரு பட்டறையில் அழுத்தம் கூடுவதற்காக இன்ஜின் ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவினார்கள். மெத்தனால் என்றால் வண்டி இரண்டு பங்கு குடிக்குமாம், அதற்காகக் கார்புரேட்டர் ஜெட்டின் துளையைப் பெரிதாக்கினார்கள். பழைய ரப்பர் குழாய் ஊறி உப்பியது. டேங்கின் உள்பூச்சு கொழகொழவென்று கரைந்து வந்தது. பார்க்கவே அருவருப்பு. அவனுக்கோ பெருமை தாங்கவில்லை.

மேடவாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்டில் குடிப்பதற்குக் கேன் தண்ணீர்தான். காலி கேன்கள் எப்போதும் கிடக்கும். அதில் ஒன்றில் மெத்தனாலை நிரப்பி, சமையலறை வாசலில், தண்ணீர் கேன்களுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு ஆபீஸ் போய்விட்டான் அந்தப் படித்த முட்டாள். பார்த்தால் தண்ணீர் மாதிரியேதான் இருக்கும். ஒரு சீட்டுகூட ஒட்டவில்லை.

மத்தியானம் அம்மா அதைச் சாய்த்து, டம்ளரில் பிடித்து ஒரு வாய் குடித்துவிட்டாள்.

"தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குதுடா" என்று டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

முகர்ந்ததுமே அது அண்ணனின் மெத்தனால் என்று தெரிந்துவிட்டது. மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தில் கண் போனவர்களைப் பற்றிப் பேப்பரில் படிக்காதவர் யார்? அம்மாவை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மருந்து ஏற்றினார்கள். டாக்டர் வரும்போதெல்லாம் விரலை நீட்டி எத்தனை என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் அம்மாவோடு சேர்ந்து நானும் எண்ணினேன்.

அண்ணனுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். பயந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

"கேன்ல மிச்சம் இருக்குல்ல? கொட்டிடாதடா, ஞாயித்துக்கெழம ரேஸ்."

அம்மா பிழைத்துவிட்டாள். கண்ணும் தப்பியது. அவன் ரேஸுக்குப் போய் ஒரு கப் வாங்கி வந்து டிவி பக்கத்தில் வைத்திருக்கிறான். தூசி தட்டக்கூட நான் அதைத் தொடுவதில்லை. யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் அம்மா இப்போது டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறாள்.

அண்ணன் அதைப் பார்த்துச் சிரிக்கிறான்.