அத்தானை மடியில் வைத்துக் கொண்டுவந்த அக்கா

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்திருக்கும் உங்கள் அனைவரையும் வணங்கி இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் தருகிறேன். "நாலு நல்ல வார்த்தையா எழுதுங்க, உங்க கோபத்தையெல்லாம் அச்சுல ஏத்தாதீங்க" என்று சொல்லித்தான் என் மனைவி பேனாவை எடுத்துக் கொடுத்தாள். முயன்று பார்க்கிறேன். ஆனால் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு அந்த விமானப் பயணத்தைச் சொல்லாமல் விட முடியாது. அதைச் சொன்னால் எனக்குக் கோபம் வராமலும் இருக்காது.

அக்கா பிறந்தது வையம்பட்டியில். கடலைக் காடும் கம்பங்கொல்லையும் எங்கள் சொத்து. கோடையில் கிணற்றுக்குள் இறங்கிச் சிரட்டையால் தண்ணீர் மொண்டு வந்த பெண் அவர். ஆனி மாதத்தில் கல்யாணம் ஆகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தார். ஆடிப்பெருக்கன்று அத்தானோடு அம்மா மண்டபத்துப் படித்துறையில் குளித்துப் புதுத் தாலிக் கயிறு மாற்றிக்கொண்டார். ஆற்றில் அத்தனை தண்ணீரைப் பார்த்து, "இவ்வளவும் யாருக்குடா?" என்று என்னைக் கேட்டார். அடுத்த மாதமே இருவரும் பினாங்குக்குக் கப்பலேறினார்கள். அக்கா பார்த்திருந்த காவேரி அந்த ஒரு காவேரிதான்.

பினாங்கில் அத்தான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்த்தார். அக்கா வீட்டிலேயே சட்டை தைத்துக் கொடுத்தார். பிறந்த ஒரு குழந்தையும் தங்கவில்லை. ஊருக்கு வர வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் பேசினார்கள், வர முடியவில்லை. ஐம்பதுகளின் கடைசியில், அங்கே பரவிய காய்ச்சலில் அத்தான் படுத்தார், எழுந்திருக்கவில்லை. நினைவு தப்புவதற்கு முன் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "என்னை இங்க விட்டுட்டுப் போயிடாத. நம்ம படித்துறையில, ஓடுற தண்ணியில கரைச்சிரு."

கூட வேலை பார்த்தவர் கொள்ளி வைத்தார். பதினாறாம் நாள் கருமாதிக்குள் அஸ்தியைக் காவேரியில் சேர்த்துவிட வேண்டும் என்று அக்கா நின்றார். கப்பலில் வந்தால் அதற்குள் வந்து சேர முடியாது. கடைக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து விமானத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். பேருந்தில் ஏறினாலே வாந்தி எடுக்கும் அக்கா, பித்தளைச் சொம்பின் வாயை வெள்ளைத் துணியால் கட்டி மடியில் வைத்துக்கொண்டு விமானத்தில் ஏறினார். நம் குடும்பங்களில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, தண்ணீரில் சேரும்வரை தரையில் வைக்கவும் கூடாது. அக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

நடுக்கடலில் ஓர் எஞ்சின் நின்றுபோனது. விமானம் ஒரு பக்கமாகச் சரிந்தது. எல்லோருக்கும் மிதவைச் சட்டை மாட்டி, கையில் இருப்பதையெல்லாம் கீழே வைக்கச் சொன்னார்கள். அக்கா வைக்கவில்லை. சொம்பை வயிற்றோடு அணைத்து முந்தானையால் இறுக்கிக் கட்டி, அதற்கு மேல் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டார். அப்போதுதான் உள்ளே இருப்பது என்னவென்று பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரிந்தது. அவரும் தமிழர்தான், வியாபாரி. "சாம்பலை வச்சுக்கிட்டா ஏறினீங்க? அதான் எல்லாரையும் காவு கேக்குது!" என்று கத்தினார். மற்றவர்களுக்கும் விஷயம் பரவிவிட்டது. விமானம் எப்படியோ ரங்கூனில் இறங்கியது. இறங்கியவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்களாம். அக்காவின் அருகில் யாரும் வரவில்லை.

மறுநாள் மாற்று விமானம் வந்தது. அந்த அம்மாள் ஏறினால் நாங்கள் ஏற மாட்டோம் என்று பயணிகள் சொல்லிவிட்டார்கள். அதிகாரிகளுக்கு வேறு வழி தெரியவில்லை போலும், அடுத்ததில் அனுப்புகிறோம் என்று அக்காவை மட்டும் நிறுத்திவிட்டார்கள். கணவனைப் பறிகொடுத்த பெண்ணை மொழி தெரியாத ஊரில் தனியே விட்டுவிட்டுப் போனவர்களில் பாதிப் பேர் நம் பக்கத்துக்காரர்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அடுத்த விமானம் உடனே வரவில்லை. அக்கா விமான நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கினார். குளிக்க முடியவில்லை, ஒரு கையால்தான் சாப்பிட முடிந்தது. அங்கே பெட்டி தூக்கும் தமிழர் ஒருவர் இரண்டு நாள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு அருகில் வந்து கேட்டாராம்: "அதுல யாரும்மா?"

"எங்க வீட்டுக்காரரு."

"குடுங்கம்மா, நான் புடிச்சிருக்கேன். கீழ வைக்க மாட்டேன். நீங்க போயிக் குளிச்சுட்டு வாங்க."

அக்கா வரும்வரை அவர் சொம்பை மார்போடு பிடித்தபடி நின்றிருந்தார். பெயர் கேட்க வேண்டும் என்று அக்காவுக்கு அப்போது தோன்றவில்லை. பிறகு கல்கத்தா வந்து, அங்கே அம்மை ஊசிச் சான்றிதழுக்காக ஒரு முழு நாள் நிறுத்தி வைக்கப்பட்டு, சென்னை வந்து, ஒரு வழியாகத் திருச்சி விமானத்தில் ஏறினார்.

இங்கே நாங்கள் திருச்சி விமான நிலையத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தோம். எஞ்சின் பழுதான செய்தி வந்தது. பயணிகள் சென்னை வந்து சேர்ந்த செய்தியும் வந்தது. அவர்களில் அக்கா இல்லை. ஏன் இல்லை என்று சொல்ல யாரும் இல்லை. அதற்குள் பதினாறாம் நாள் வந்துவிட்டது. அத்தானின் அண்ணன், எங்களுக்குப் பெரிய அத்தான், "நாள் தள்ளக் கூடாது" என்று அஸ்தி இல்லாமலே கல் நிறுத்திக் காரியத்தை முடித்துவிட்டார். அக்கா உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாதபோது என்ன அவசரம் என்று கேட்டேன். எனக்கு வாய் நீளம் என்றார்.

அதற்கு மறுநாள் அக்கா வந்து இறங்கினார். கன்னம் ஒட்டிப்போய், இரு மணிக்கட்டும் வீங்கியிருந்தன. "குடுக்கா" என்று கை நீட்டினேன். "இருக்கட்டும்டா, இன்னும் கொஞ்ச தூரந்தானே" என்றார். நேராகப் படித்துறைக்குப் போகச் சொன்னார். டாக்சி காவேரிப் பாலத்தின் மேல் ஏறியது. அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"தம்பி, ஆறு எங்கடா?"

சித்திரை மாதம். இரு கரைக்கும் நடுவே மணல்தான் கிடந்தது. "மேட்டூர்ல இன்னும் தொறக்கலக்கா" என்றேன். பினாங்கில் அவருக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. காய்ச்சலில் கிடந்த அத்தானுக்கும் அது நினைவுக்கு வரவில்லை. இருவர் மனத்திலும் ஆடிமாதத்துக் காவேரி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அக்கா சொம்பின் மேலிருந்த துணியைச் சரிசெய்தபடியே வந்தார்.

தகவல் அறிந்து பெரிய அத்தான் படித்துறைக்கு வந்திருந்தார். "காரியம் நேத்தே முடிஞ்சிருச்சும்மா. மறுபடி தீட்டைத் தொடங்க முடியாது. இதை அரச மரத்துல கட்டிட்டு வா. ஆடியில தண்ணி வரட்டும், பாத்துக்கலாம்."

அக்கா அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "அதுவரைக்கும் உங்க தம்பி மரத்துலயா தொங்குவாரு?"

அவர் சாத்திரம் என்று ஏதோ முணுமுணுத்தார். அக்கா செருப்பில்லாமல் கொதிக்கும் மணலில் இறங்கி நடந்தார். நடு ஆற்றில் சில பெண்கள் ஊற்றுத் தோண்டி, சுரக்கும் தண்ணீரைக் குடங்களில் மொண்டுகொண்டிருந்தார்கள். "இங்கயே தோண்டுடா" என்றார் அக்கா. அந்தப் பெண்கள் பதறிப்போனார்கள். "அய்யோ, இது நாங்க குடிக்கிற ஊத்தும்மா!" அவர்கள் சொன்னதும் நியாயம்தான். அவர்களில் மூத்தவர் அக்காவின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மண்வெட்டியை நீட்டினார். "கீழ்ப்பக்கமாத் தள்ளிப் போயித் தோண்டுங்க தம்பி."

இடுப்பளவு தோண்டியதும் தண்ணீர் கசிந்தது. அக்கா குழிக்குள் இறங்கித் துணியை அவிழ்த்துச் சாய்த்தார். மந்திரம் சொல்ல ஆளில்லை. எலும்புகள் அடியில் தங்கின, சாம்பல் மேலே மிதந்தது. ஓடுகிற தண்ணீராக இருந்தால் எடுத்துக்கொண்டு போயிருக்கும். அது போகவில்லை. வெயில் தாழும்வரை அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் இரு கையாலும் மணலைத் தள்ளி மூடினார். கரைக்கச் சொன்ன மனிதரைப் புதைத்துவிட்டு வந்தோம்.

ஆனிக் கடைசியில் தண்ணீர் வந்தது. முதல் நாளே சேதி தெரிந்து அக்கா மணலில் போய் நின்றுகொண்டார். நுரையும் சருகுமாக ஆறு நகர்ந்து வந்தது. கரையிலிருந்தவர்கள் கத்தினார்கள். அந்த இடம் நனையும்வரை அக்கா அசையவில்லை. முழங்கால் மூழ்கியதும் நான் போய் இழுத்துக் கரையேற்றினேன். "போயிட்டாருடா" என்று சொல்லி அழுதார். திருச்சியில் வந்து இறங்கியது முதல் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அதன்பின் அக்கா ஸ்ரீரங்கத்தின் வடக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டில் தையல் மிஷினோடு வாழ்ந்தார். எத்தனையோ பெண்களுக்குத் தைக்கக் கற்றுக் கொடுத்தார். சென்ற ஆண்டு நெஞ்சில் சளி கட்டி, சில நாள் படுத்திருந்து, யாருக்கும் பாரமில்லாமல் போனார். கடைசி நாட்களில் கஞ்சி வைத்துக் கொடுத்து உடனிருந்த அந்தப் பெண்களுக்கும், வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. ரங்கூனில் சொம்பைச் சுமந்து நின்ற அந்த மனிதர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஊற்றுத் தண்ணீர் எடுத்த பெண்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றியைத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன். அந்தக் கோடை முழுவதும் நான் மாலையில் அந்தப் பக்கம் போய்ப் பார்ப்பேன். தலையில் குடம், இடுப்பில் குடம், காலடியில் சுடுமணல். கரைக்கு நேர்வழி அந்தக் குழியை மூடிய இடத்தின் மேல்தான் போனது. அவர்களில் ஒருவர்கூட அதை மிதிக்கவில்லை. தண்ணீர் வரும்வரை தினமும் சுற்றுவழியாகவே நடந்தார்கள்.