கம்பம் என்ற சொல்லுக்கு நான் அளித்த தீர்ப்பு

முப்பத்தொரு ஆண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றியவன் நான். அவற்றுள் கடைசிப் பதினொரு ஆண்டுகள் துறைத்தலைவராக இருந்தேன். சென்னையில் கல்லூரியில் பயின்று முதுகலைப் பட்டத்துடன் சிங்கப்பூர் திரும்பியவன். பள்ளிகளுக்கு இடையிலான தமிழ் வினாவிடைப் போட்டிக்கு, ஓய்வு பெறும் முன்பும் பின்பும், என்னையே நடுவராக அழைத்தார்கள். அத்தனை ஆண்டுகளில் நான் அளித்த தீர்ப்பு ஒன்றுகூட மாற்றப்பட்டதில்லை. போட்டி விதிகளை எழுதியவனும் நானே. அவற்றுள் கடைசி விதி: நடுவரின் தீர்ப்பே இறுதியானது. பின்னர் நடந்ததை விளங்கிக்கொள்ள இவ்வளவும் தேவை என்பதால் சொல்கிறேன்.

கிருமிப் பரவல் காலத்தில் ஒரு பள்ளி மாணவர் இன்னொரு பள்ளிக்குள் நுழைய வழியில்லாமல் போயிற்று. இந்த ஆண்டு போட்டி வேண்டாம் என்று போட்டிக் குழுவினர் முடிவெடுக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். காணொளி வழியாக நடத்தலாம் என்றேன்.

"சாருக்கு போன்ல போட்டோ அனுப்பவே ஒரு நாளாகும். இதுல வீடியோ கான்பரன்ஸ் வேறயா?" என்று குழுச் செயலாளர் சிரித்தார்.

ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டேன். யாருடைய ஒலிவாங்கியை எப்போது அடைப்பது, எவர் முகத்தைத் திரையில் பெரிதாக்குவது, எல்லாம் எனக்குப் பழகிவிட்டது. ஒத்திகையில் ஒரு சிக்கல் வந்தது. மாணவர்கள் விடை தெரிந்ததும் தட்டும் மேசை மணியை இரைச்சல் என்று கருதி மென்பொருள் விழுங்கிவிட்டது. மணி அடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது, காதில் விழவில்லை. மணியை விலக்கிவிட்டு மஞ்சள் அட்டையை உயர்த்தும் முறையை வகுத்தேன். இன்று பல போட்டிகளில் அந்த முறையைக் காண்கிறேன்.

இறுதிச் சுற்றில் வடக்கே மார்சிலிங் பக்கத்துப் பள்ளி ஒன்றும் மேற்கே கிளமெண்டி பக்கத்துப் பள்ளி ஒன்றும் மோதின. தேக்கா சந்தைக்கு எதிரே, மளிகைக்கடை மாடியில் இருந்த எங்கள் குழுவின் அறையில் மடிக்கணினி முன் அமர்ந்தேன். முழுக்கைச் சட்டை, கழுத்துப்பட்டை. மதிப்பெண் குறிக்க, என்னிடம் முன்பு பயின்று இப்போது ஆசிரியையாக இருக்கும் ஒருவர், தம் வீட்டிலிருந்து இணைந்திருந்தார். திரையின் ஒரு கட்டத்தில் வடக்குப் பள்ளியின் மூவர், இன்னொன்றில் மேற்குப் பள்ளியின் மூவர், எல்லாரும் முகக்கவசத்துடன். மற்றக் கட்டங்களில் பெற்றோரும் ஆசிரியர்களும்.

முதற்சுற்று உள்ளூர் வரலாறு. அதில் நான் மிகவும் விரும்பி எழுதிய வினா ஒன்று இருந்தது. "நம் முன்னோர் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்த இடம் எது?" மஞ்சள் அட்டையை முதலில் உயர்த்தியவள் மார்சிலிங் அணியின் நடுவில் இருந்த சிறுமி.

"சிராங்கூன் சாலை, ஐயா."

சரி என்றேன். அங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால் வந்த பெயர் என்று விளக்கமும் அளித்தேன். சுண்ணாம்பை விளக்கினேன், கம்பத்தை விளக்கவில்லை.

போட்டி இழுபறியாகச் சென்றது. கடைசி வினாவுக்கு வந்தபோது இரண்டு அணிகளும் சம நிலையில் இருந்தன. பொருள் கூறும் சுற்று. வினா அட்டையை எடுத்துப் படித்தேன்.

"கம்பம். இச்சொல்லின் பொருள் என்ன?"

மீண்டும் அதே சிறுமியின் மஞ்சள் அட்டை.

"ஊர், ஐயா. வீடுகள் எல்லாம் சேர்ந்து இருக்கும் இடம்."

என் அட்டையில் தூண் என்றும் நடுக்கம் என்றும் இரண்டு பொருள்கள் எழுதப்பட்டிருந்தன. கல்லூரி நாளிலிருந்து நான் பயன்படுத்திவந்த அகராதியைப் பார்த்து நானே எழுதியவை. "தவறு" என்றேன். வினா மேற்குப் பள்ளிக்குப் போனது. அவர்களுள் ஒருவன் "தூண்" என்றான். சரி என்று அறிவித்தேன். அந்தக் கட்டத்தில் கைதட்டலும் கூச்சலும் எழுந்தன.

அப்போது அச்சிறுமி தன் ஒலிவாங்கியைத் தானே திறந்தாள். விதிப்படி அது கூடாது.

"ஐயா, எங்க தாத்தா கம்பத்துலதான் பொறந்தாரு. அப்போ அவரு தூணுலயா பொறந்தாரு?"

திரை முழுவதும் சிரிப்பு. நானும் விட்டுவைக்கவில்லை. "தூணிலிருந்து வந்தவர் நரசிம்மர் ஒருவர்தான், அம்மா. உன் தாத்தாவுக்கு நகம் எவ்வளவு நீளம்?" என்றேன். சிரிப்பு இரட்டித்தது. அவள் சிரிக்கவில்லை. முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அது கம்போங்ங்கிற மலாய்ச் சொல்லுன்னு விட்டுடுவீங்களா, ஐயா? அப்போ சுண்ணாம்புக் கம்பம் எப்படி சரியாச்சு?"

மதிப்பெண் குறித்த ஆசிரியை தாழ்ந்த குரலில், "சார், ஸ்கோர் போட்டுடவா?" என்றார்.

"மூன்று நிமிடம் கொடுங்கள்" என்று கூறிக் கேமராவை அணைத்தேன். ஒலியையும் அடைத்தேன்.

அந்த மூன்று நிமிடங்களைப் பற்றித்தான் பின்னர் பலரும் பலவிதமாகப் பேசினார்கள். நடந்தது இதுதான். மேசைமேல் இருந்த அட்டைக்கட்டிலிருந்து முதற்சுற்று அட்டையைத் தேடி எடுத்தேன். கடைசி அட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் என் கையெழுத்து. ஒன்றில் கம்பம் என்பது ஊர். மற்றொன்றில் அது தூண். ஒரே பிற்பகலில், ஒரே நடுவர்.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. புக்கிட் மேராவில் ஒரு கம்பத்து வீட்டில் ஏழு வயதுவரை வளர்ந்தவன் நான். வீட்டில் கம்பம் என்றுதான் சொன்னோம். ஆசிரியரான பிறகு, மாணவர் கட்டுரையில் அச்சொல் வந்தால் சிவப்பு மையால் அடித்துவிட்டுச் சிற்றூர் என்று எழுதினேன். எத்தனை கட்டுரைகளில் அப்படிச் செய்தேன் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சிவப்புக் கோடுதான் அன்று என் வாயில் "தவறு" என்று வந்தது.

பேசாமல் இருந்திருக்கலாம். கடைசி விதி என் பக்கம் இருந்தது. யாரும் என்னை அசைத்திருக்க முடியாது. ஆனால் மாற்றப்படாத தீர்ப்பு என்று நான் இத்தனை நாள் பெருமைப்பட்டது, தீர்ப்புகள் சரியாக இருந்ததால். தவறான ஒன்றை மாற்றாமல் வைத்துக்கொண்டால் அந்தப் பெருமைக்குப் பொருள் இல்லை.

கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு கேமராவை இயக்கினேன்.

"கம்பம் என்றால் தூண். கம்பம் என்றால் ஊர் என்பதும் இந்நாட்டுத் தமிழர் வழங்கிய பொருள். என் அட்டையில் அது விடுபட்டுவிட்டது. முதலில் சரியான விடை அளித்தவர்கள் மார்சிலிங் அணியினர். வெற்றி அவர்களுக்கு."

மேற்குப் பள்ளியின் ஆசிரியர் உடனே குறுக்கிட்டார். "சார், எக்ஸ்கியூஸ் மி. நடுவர் தீர்ப்பே இறுதின்னு ரூல்ஸ்ல நீங்கதானே போட்டீங்க? அனௌன்ஸ் பண்ணிட்டு மாத்துனா எப்படி? எங்க பிள்ளைங்க கைதட்டியாச்சு லா."

"ஆம், நானே எழுதினேன். முன்பு கூறியது என் பிழை. இப்போது கூறுவதே தீர்ப்பு. இதுவே இறுதி" என்றேன்.

தூண் என்று விடை சொன்ன மாணவனிடம் அவன் விடையிலும் குறையில்லை, வினாவை அவனிடம் அனுப்பியதுதான் குறை என்று தெளிவுபடுத்தினேன். அவன் தோளைக் குலுக்கி, "ஓகே, ஐயா. தாத்தா கேஸ் ஸ்ட்ராங்கா இருந்துச்சு" என்றான். அவன் ஆசிரியருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிறுமியிடம் நரசிம்மர் பேச்சுக்கு வருத்தம் தெரிவித்தேன். "பரவாயில்ல, ஐயா. தாத்தாகிட்ட சொல்றேன், அவரு நகம் வெட்டிக்குவாரு" என்றாள்.

அப்போட்டியை நடத்தியதை என் பணி வாழ்வின் சிறந்த செயல்களில் ஒன்றாகக் கருதுகிறேன். அடுத்த ஆண்டு வினாக்களை எழுதும்போது அகராதியோடு நிறுத்தாமல், உள்ளூர் வழக்கையும் விடையாக ஏற்கும் விதி ஒன்றைச் சேர்த்தேன். அதுவும் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

சில வாரங்கள் கழித்துத் தேக்காவில் தேநீருக்காக நின்றபோது, முகக்கவசத்தில் என்னை அடையாளம் காணாத இருவர் பேசிக்கொண்டார்கள்.

"அந்தப் பிள்ளை அழுதுச்சாம். பெரியவர் மனசு இளகிக் கொடுத்துட்டாராம்."

"அதெல்லாம் இல்ல லா. லைன் கட்டாயிடுச்சு. அந்த கேப்ல யாரோ பெரிய ஆளு போன் போட்டு மாத்த வெச்சாங்க."

தேநீரைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன். கடைவாசலில் வாதிடுவது என் வழக்கமன்று. எனவே இங்கே எழுதுகிறேன்.

அச்சிறுமி அழவில்லை. இணைப்பு அறுபடவில்லை, கேமராவை அணைத்தவன் நான். என்னை எவரும் தொலைபேசியில் அழைக்கவில்லை. என் தீர்ப்பை எவரும் மாற்ற வைக்கவில்லை, நான் மாற்றினேன். அவள் சொன்ன விடை சரி.