போல்ட் தலை தெரியாத மட்கார்டு

ரோலண்ட் டாங்க்ஸுக்கு ரிவெட் தலையைக் கண்டாலே ஆகாது. முப்பத்தெட்டு வருஷம் பஸ் கூடு கட்டும் தொழிற்சாலையில் தகட்டின் மேல் தகட்டை வைத்து ரிவெட் அடித்த மனிதர். ஒரு பஸ்ஸுக்கு எத்தனை ஆயிரம் ரிவெட் என்று கேட்டால் சொல்லமாட்டார், முறைப்பார். ஓய்வு பெற்ற பின்னும், அவர் ஊரான பிரையர்லி ஹில்லின் கடைத்தெருவில் பஸ் வந்து நின்றால் அதன் பக்கவாட்டில் வரிசையாக முளைத்திருக்கும் தலைகளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஏறுவார், பார்க்கமாட்டார்.

ஆகவே, பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய பாகங்களை வைத்து வீட்டுக் கராஜில் சொந்தமாக ஒரு கார் கட்டத் தொடங்கியபோது, அதில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு போல்ட் தலைகூட இருக்கக் கூடாது என்று அவர் பிடிவாதம் பிடித்ததில் ஆச்சரியமில்லை. சின்னஞ்சிறு கார். இரண்டே பேர் உட்காரலாம். கூரை இல்லை, கதவும் இல்லை. பக்கத் தகட்டைத் தாண்டிக் காலைத் தூக்கிப் போட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும்.

கார் வேண்டும் என்று கேட்டது ஜானிஸ், அவர் மனைவி. நடுக்க நோய் என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வாசலிலேயே கேட்டாள்.

"என்னைப் பார்சல் மாதிரி நாற்காலியில கட்டிவைக்கிறதுக்குள்ள, ஒரு தடவை பார்மத் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போயிடு ரோலி. ஜன்னல் கிண்ணல் எதுவும் வேணாம். முகத்துல காத்து அடிக்கணும்."

அது நடந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. வண்டியின் பக்கத் தகடு எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில் சமையலறை நாற்காலிகள் இரண்டுக்கு நடுவே ரோலண்ட் ஒரு கயிறு கட்டியிருந்தார். ஞாயிறுதோறும் தேநீருக்கு முன்னால் ஜானிஸ் அதைத் தாண்டுவாள். போன கோடையில் கயிற்றுக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டுத் தாண்டினாள். இந்த ஏப்ரலில் இரண்டு விரல் இடைவெளிதான். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. பேசாவிட்டாலும் இரண்டு விரல் இரண்டு விரல்தான்.

சாலையில் ஓட்ட வேண்டுமென்றால் அரசாங்கத்துச் சோதனையில் வண்டி தேற வேண்டும். வியாழக்கிழமைக்குத் தேதி கிடைத்திருந்தது. அதைத் தவறவிட்டால் அடுத்தது அக்டோபரில். அக்டோபரில் அந்தக் கயிற்றை அவளால் தாண்ட முடியுமா என்பதை ரோலண்ட் யோசிக்கவே மறுத்தார்.

மிச்சமிருந்தவை முன் மட்கார்டுகள் இரண்டும்தான். பின்னால் உள்ளவற்றில் தொல்லையில்லை, உள்ளிருந்தே முடுக்கிவிடலாம், வெளியே தெரியாது. முன் சக்கரத்தின் மேல் நிற்பவை அப்படியல்ல. சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் ஓர் இரும்பு வளைவின் மேல் ஃபைபர் மட்கார்டு குந்தியிருக்க வேண்டும். ஊரெல்லாம் மேலிருந்து போல்ட் போட்டு முடுக்குவார்கள். ரோலண்ட், கார் கண்ணாடி ஒட்டுகிற கருப்புப் பசையால் ஒட்டுவதென்று முடிவு செய்தார்.

சனிக்கிழமை காலையில் மட்கார்டுகளின் உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, பழைய படுக்கை விரிப்பால் மூடிவைத்தார். பிறகு ஜானிஸுக்கு மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போனார். நீண்ட வரிசை. திரும்பி வந்து விரிப்பை எடுத்தால் மட்கார்டுகள் பளபளவென்று மின்னின.

"யாரு செஞ்சது இது?"

"தேவதை வந்துட்டுப் போச்சு," என்றாள் ஜானிஸ், நடுங்கும் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு. மாசக்கணக்கில் அவளுக்கு யாரும் ஒரு வேலை கொடுத்ததில்லை. தட்டைத் தொட்டால் மகள் பிடுங்குகிறாள், கத்தியைத் தொட்டால் இவர் பிடுங்குகிறார். அன்றைக்கு அவள் முகத்திலிருந்த பெருமையைப் பார்த்து ரோலண்ட் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வேலையில் இறங்கினார். மூக்குக் கண்ணாடி சமையலறையில் கிடந்தது. எடுத்து வரச் சோம்பல். கருப்புப் பசையைக் கோடு கோடாக இழுத்து, மட்கார்டை வைத்து அழுத்தி, பட்டையால் இறுக்கிக் கட்டிவிட்டு நிமிர்ந்தார். ஒரு தலையும் தெரியவில்லை. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

செவ்வாய்க்கிழமை பட்டையை அவிழ்த்துவிட்டு, ஒட்டியிருக்கிறதா என்று லேசாக இழுத்துப் பார்த்தார். வாழைப்பழத் தோல் மாதிரி மட்கார்டு முழுதாக உரிந்து கையோடு வந்தது. பசையெல்லாம் இரும்பிலேயே தங்கிவிட்டது. மட்கார்டின் உட்புறத்தில் ஒரு பொட்டுப் பசைகூட இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு முகர்ந்து பார்த்தார். லாவண்டர் வாசனை. மேசை நாற்காலிக்கு அடிக்கும் பாலிஷ். வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் அதே அக்கறையோடு, மூலை முடுக்கு விடாமல் போட்டிருந்தாள். அது பட்ட இடத்தில் எந்தப் பசையும் நிற்காது.

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது உண்மை. கையிலிருந்த மட்கார்டைச் சுவரில் வீசியடிக்க ஓங்கினார். அந்தக் கை, நடுங்குகிற கை, இந்த வளைவின் உள்ளே எவ்வளவு நேரம் தேய்த்திருக்கும் என்று நினைத்தார். ஓங்கிய கையை மெல்ல இறக்கி, மட்கார்டைக் குழந்தையைக் கிடத்துவது போல மேசையில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் நெவில் வந்து சேர்ந்தார். இவர் மாதிரியே கார் கட்டும் கிறுக்குப் பிடித்த பக்கத்துத் தெருக்காரர்.

"என்னடா, பிச்சுக்கிச்சா? நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். பக்கத்துக்கு நாலு போல்ட்டு. எட்டு போல்ட்டுக்காக ஒருத்தன் இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவானா?"

"பசை பழசு. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

"லாவண்டர் வாசம் வருதே?"

"உன் சட்டையிலேர்ந்து வருது. வாய மூடிட்டுத் துளை போடுற மெஷினைக் குடுத்துட்டுப் போ."

நெவில் சிரித்துக்கொண்டே போய், மெஷினோடு உருண்டைத் தலை போல்ட் எட்டும் கொண்டுவந்து கொடுத்தார். மறுபடி துடைத்து, தேய்த்து, ஒட்டி, பசை இறுகக் காத்திருக்க வியாழக்கிழமை இடம் கொடுக்காது. அந்தப் பாலிஷ் முழுக்கப் போகும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. போல்ட்தான்.

துளைகளைப் போட்டு முடித்துவிட்டு ரோலண்ட் வீட்டுக்குள் எட்டிக் கூப்பிட்டார்.

"ஜானிஸ்! கொஞ்சம் வா கண்ணு. மட்கார்டை போல்ட் போட்டு முடுக்கிரலாம்னு பார்க்கிறேன். அடியில நட்டைப் பிடிக்க ஆள் வேணும். எனக்குக் கை எட்டலை."

ஜானிஸ் வந்து மட்கார்டையும் பார்த்தாள், அவர் கையின் நீளத்தையும் பார்த்தாள்.

"நாப்பத்தஞ்சு வருஷமா எல்லாத்துக்கும் எட்டின கை. இன்னிக்கு எட்டலையாக்கும்? சரி, முக்காலியப் போடு."

சக்கரத்தைக் கழற்றியிருந்ததால் அவள் முக்காலியில் உட்கார்ந்து தலையையும் கையையும் வளைவுக்கு அடியில் நீட்ட முடிந்தது. மேலே ரோலண்ட், கீழே அவள், நடுவே மட்கார்டு. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியவில்லை.

அவர்கள் பழகியதே இப்படித்தான். தொழிற்சாலையில் ரோலண்ட் பஸ்ஸுக்கு வெளியே நின்று ரிவெட் அடிப்பார். உள்ளே இருந்து ஒருவர் இரும்புக் கட்டையை எதிரே முட்டுக்கொடுத்துப் பிடிக்க வேண்டும். அந்த ஒருவர் ஜானிஸ். காது கிழிகிற சத்தத்தில் பேச்சு எடுபடாது. உள்ளே இருப்பவர் கட்டையால் தகட்டைத் தட்டிச் சொல்வார். ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு என்றால் இன்னும் அடி. மூன்று என்றால் கெட்டுப்போச்சு, பிடுங்கி எறி. வெளியே இருப்பவர் தட்டுவது கிடையாது. அவர் வேலை கேட்பது. அவளுடைய முகத்தைப் பார்ப்பதற்கு ஒரு வாரம் முன்பே ரோலண்டுக்கு அவளுடைய தட்டு தெரியும்.

முதல் போல்ட்டை இறக்கி மேலிருந்து திருகினார். கீழே ஸ்பேனர் நட்டைக் கவ்வியது. அசையவில்லை. சும்மா கிடக்கும்போதுதான் அந்தக் கை நடுங்கும், எதையாவது இறுகப் பிடித்தால் அடங்கிவிடும். அதை ரோலண்ட் அந்த நிமிஷம் வரை கவனித்ததே இல்லை. மாசக்கணக்காகக் கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கியதை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

இறுகியதும் கீழேயிருந்து ஸ்பேனரால் ஒரு தட்டு. சரி.

இரண்டாவது போல்ட். ஒரு தட்டு. மூன்றாவதற்கு இரண்டு தட்டு, இன்னும் கொஞ்சம் முடுக்கினார், பிறகு ஒரு தட்டு. அவருக்குச் சிரிப்பு வந்தது. வயசு இருபது குறைந்த மாதிரி இருந்தது. நான்காவதை முடுக்கிவிட்டுக் காத்திருந்தார். ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

பிறகு மூன்று தட்டு.

குனிந்து பார்த்தார். போல்ட் ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தது. "என்ன ஆச்சு? மரை போச்சா?"

"போல்ட்டு நல்லாத்தான் இருக்கு." குரல் அடியிலிருந்து கம்மி வந்தது. "கெட்டுப்போனது நான்தான். உள்ளே லாவண்டர் வாசம் அடிக்குது ரோலி. பசை பழசுன்னு நெவில்கிட்ட நீ சொன்னது காதுல விழுந்துச்சு. பசையில ஒரு குத்தமும் இல்லை, இல்ல?"

இன்னொரு பொய் சொல்லலாம். இல்லவே இல்லை என்று சத்தியம் செய்யலாம். பேச்சில் அவர் எப்போதும் சமர்த்தர் இல்லை. முஷ்டியை மடக்கி, அவள் பளபளக்க வைத்த மட்கார்டின் மேல், அவள் தலை இருக்கும் இடத்துக்கு நேராக, ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.

கீழே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நீ தட்டக் கூடாது," என்றாள் ஜானிஸ். "தட்டுறது என் வேலை."

"தெரியும்."

"அந்தப் பக்கத்தையும் முடுக்கிரலாம் வா. முக்காலிய நகத்து."

வியாழக்கிழமை, சோதனை அதிகாரி எட்டுப் போல்ட் தலைகளையும் விரலால் தடவிப் பார்த்தார். எங்காவது கூர் இருக்கிறதா என்று தேடினார். இல்லை. வண்டி தேறியதென்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

மே மாதம் நம்பர் தகடு வந்த சனிக்கிழமை, ஜானிஸ் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வண்டியருகே வந்தாள். "கிட்ட வராதே" என்று சொல்லிவிட்டாள். ரோலண்ட் ஒரு முழம் தள்ளி, இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு நின்றார். அவள் காலைத் தூக்கினாள். அந்த இரண்டு விரல் இடைவெளி இப்போது இல்லை. குதிகால் பக்கத் தகட்டில் உரசி, புதுப் பெயிண்டில் நீளமாக ஒரு கீறலை இழுத்தது. ஒரு கணம் கால் அங்கேயே நின்றது. பிறகு தாண்டியது.

ரோலண்ட் அந்தக் கீறலைப் பார்க்கவே இல்லை. சுற்றி வந்து ஏறி உட்கார்ந்து, இரண்டு பெல்ட்டையும் மாட்டினார். முன்னே வெயிலில் எட்டுப் போல்ட் தலைகளும் மின்னின. அவள் போட்ட பாலிஷ் இன்னும் போகவில்லை. ஜானிஸ் தன் பக்கத்துத் தகட்டில் ஒரு தட்டுத் தட்டினாள். அவர் வண்டியைக் கிளப்பினார்.