தண்ணீர் இல்லாத கிணற்றில் ஓடிய மோட்டார்

எங்கள் வெற்றிலைக் கொடிக்கால் கரண்ட் லைனின் கடைசியில் இருந்தது. டிரான்ஸ்பார்மர் ஊர் முனையில். அங்கிருந்து கம்பி ஒவ்வொரு கிணறாகத் தொட்டுக்கொண்டு வந்து எங்களிடம் முடியும். அதற்கு அப்பால் பாறைக் கரடுதான்.

எழுபதுகளில் நடந்தது. வருஷம் சரியாக நினைவில்லை. மழை ஏமாற்றிய வருஷம். கரண்ட் பகலில் கொஞ்ச நேரம் வரும், போகும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

நிலம் எங்களுடையது இல்லை, குத்தகை. நானும் என் மனைவியும் அகத்தி விதைத்து, அது நிமிர்ந்த பிறகு வெற்றிலைக் கொடி நட்டோம். ராகி காய்ந்தாலும் கொஞ்சம் பொறுக்கும். வெற்றிலை பொறுக்காது. ஈரம் விட்டால் கொடி தலையைத் தொங்கப் போட்டுவிடும். முதல் கிள்ளு வெற்றிலை கடத்தூர் சந்தைக்குப் போக வேண்டிய சமயம் அது. அதற்குள் கொடி செத்தால் எங்களுக்கு ஊரில் வேலை இல்லை. மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூருக்கு மண் சுமக்கப் போக வேண்டியதுதான்.

எங்கள் கிணற்றில் தண்ணீர் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். கரண்ட் வந்ததும் ஸ்டார்ட்டரைத் தள்ளுவேன். மோட்டார் உம்மென்று முனகும், சுற்றாது. உடனே நிறுத்தாவிட்டால் உள்ளே இருக்கும் காயில் கம்பி எரிந்துவிடும். நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். என் மனைவி கிணற்றுப் படியில் இறங்கிக் குடத்தில் மொண்டு வந்து கொடிக்கு ஊற்றுவாள். அவளும் எத்தனை குடம் ஊற்றுவாள்.

லைன்மேனிடம் சொன்னேன். வந்து பார்த்தார். வால் பக்கம் வோல்டேஜ் குறைவாகத்தான் வரும், முன்னால் இருக்கிறவர்கள் பார்த்து ஓட்டினால் உண்டு என்றார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அப்போது எல்லோருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. ஸ்டார்ட்டர் கைப்பிடியைக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். எல்லா மோட்டாரும் ஒரே மூச்சில் கிளம்பினால் கடைசியில் இருப்பவனுக்கு என்ன மிஞ்சும். வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். கட்டாதீர்கள், ஒருவர் மாற்றி ஒருவர் போடுங்கள் என்றேன். திட்டினார்கள். ஆனால் கேட்டார்கள். பாதிப் பேர் ஓட்டும்போது மற்றவர்கள் நிறுத்தினார்கள். அப்படியும் எங்கள் மோட்டார் முனகியது. யாரோ எங்கேயோ இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாவு மில் மேல் சந்தேகம் வந்தது. மில் வைத்திருந்தது பாய் ஒருவர். தர்மபுரியிலிருந்து வந்து கடை போட்டவர். போய்க் கேட்டேன். அவர் தலையில் இருந்த மாவைத் தட்டிக்கொண்டே சிரித்தார்.

"என் மில்லு அரைக்கறதவிட நீங்கல்லாம் வந்து என்னை அரைக்கறதுதான் அதிகம். பாரு, கல்லு தூங்குது."

உண்மைதான். அவருக்கும் வோல்டேஜ் இல்லை. ராகி மூட்டைகள் அப்படியே கிடந்தன. நான் திரும்பும்போது கூப்பிட்டுச் சொன்னார்.

"கரண்டைத் திங்கறவன் சத்தம் போடாமத் திங்க முடியாதுப்பா. வரப்பு மேல நடந்துக்கிட்டே கேளு. சத்தம் எங்க வருது, தண்ணி எங்க விழுதுன்னு பாரு. சத்தம் இருந்து தண்ணி விழலேன்னா அங்க நில்லு."

மறுநாள் கரண்ட் வந்ததும் டிரான்ஸ்பார்மரிலிருந்து நடந்தேன். மோட்டார் ஓடிய இடத்தில் எல்லாம் குழாயில் தண்ணீர் விழுந்தது. அவரவர் முறைப்படிதான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு இரண்டு கிணறு முன்னால் ஒரு பெரியவர் காடு. அங்கே மோட்டார் சத்தம் கேட்டது. மாடு செக்கு இழுப்பது போல அடித்தொண்டையில் முக்கிக்கொண்டு ஓடியது. குழாய் வாயில் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

அவர் காட்டில் பயிரே இல்லை. அதனால்தான் அவரை நான் நினைக்கவே இல்லை. கெஞ்சப் போனபோது அவர் வீட்டை மட்டும் விட்டுவிட்டிருந்தேன்.

அவர் எனக்குச் சொந்தமில்லை. முறை வைத்து மாமா என்பேன். மோட்டார் கொட்டகை வாசலில் குந்தியிருந்தார். உள்ளே போனேன். மோட்டாரிலிருந்து பம்புக்கு பெல்ட் ஓடியது. பம்பு காய்ந்து புகைந்துகொண்டிருந்தது. தண்ணீர் இல்லாமல் ஓடி ஓடி உள்ளே இறுகிவிட்டது. அதைச் சுற்றத்தான் மோட்டார் அவ்வளவு கரண்ட்டைக் குடித்தது. கிணற்றை எட்டிப் பார்த்தேன். பாறை. அடியில் பச்சையாக ஒரு குட்டை. தவளைக்குக் கூடப் பற்றாது.

ஸ்டார்ட்டரில் கை வைக்கப் போனேன். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி இல்லாம ஓடுது மாமா. வெந்துடும்."

"தெரியும்."

"தெரிஞ்சா ஓட்டறீங்க?"

அவர் வீட்டுப் பக்கம் பார்த்தார். கூரை வீடு, கூப்பிடு தூரத்தில். "அவ கேட்டுக்கிட்டு இருக்கா" என்றார்.

அவர் மனைவி அங்கே படுக்கையில் இருந்தார். நான் அத்தை என்பேன். போன கோடையில் அந்தக் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். அதற்குத் தன் கழுத்தில் காதில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தது அத்தைதான். வெட்டு ஆட்களுக்குக் களி கொண்டு வரும்போது கிணற்று மேட்டுக் கல்லில் சறுக்கி விழுந்தார். இடுப்பு ஒடிந்தது. தர்மபுரிக்கு வண்டியில் கொண்டு போய்க் காட்டினார்கள். எழவில்லை. அவர் படுத்த பிறகும் பாறையை உடைத்தார்கள். ஊற்று வரவில்லை. வேலையை நிறுத்திவிட்டு வந்த அன்று அத்தை கேட்டாராம், தண்ணீர் வந்ததா என்று. வந்தது என்று பெரியவர் சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகு ஓட்டித்தானே ஆக வேண்டும். வீட்டில் ஒரு பல்பு இருந்தது. அதை அணைக்க அத்தை விடமாட்டாராம். பல்பு எரிந்தால் கரண்ட் வந்துவிட்டது என்று தெரியும். கரண்ட் வந்தும் மோட்டார் சத்தம் கேட்கவில்லை என்றால் என்னவென்று கேட்பார். அதனால் பல்பு எரியும்போதெல்லாம் மோட்டாரும் ஓடியது.

ஸ்டார்ட்டரைத் தொடாமல் வந்துவிட்டேன்.

என் மனைவியிடம் சொன்னேன். அவள் குடத்தை இறக்கி வைக்கவில்லை. இடுப்பில் வைத்தபடியே கேட்டாள். அத்தை விழுந்தபோது அவரைத் தூக்கிய கைகளில் அவள் கையும் ஒன்று. ஆனாலும் அன்றைக்கு அவள் வாயில் வந்தது இதுதான்.

"நம்ம கொடியுந்தான் படுத்துக் கெடக்குது."

கீழ்ப் பாத்தி இரண்டும் அதற்குள் மஞ்சளாகிவிட்டது. சாயங்காலம் வரை அவள் குடம் சுமந்தாள். அடுப்பில் களி கிண்டும்போது தானாகச் சொன்னாள்.

"அத்தைக்கு வேண்டியது சத்தம். சத்தத்தை மட்டும் உட்டுட்டு கரண்டை நாம எடுத்துக்க முடியாதா?"

முடியாது என்றேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் முடியும் என்று தெரிந்தது. பெல்ட்டைக் கழற்றிவிட்டால் போதும். பம்பு நின்றுவிடும். மோட்டார் சும்மா சுற்றும். சும்மா சுற்றுகிற மோட்டார் அவ்வளவு இழுக்காது.

மறுநாள் போய்ச் சொன்னேன். பெரியவர் யோசித்தார். அவருக்குப் பம்பைப் பற்றிய கவலை இல்லை.

"சத்தம் மாறுமே" என்றார்.

மாறும் என்றேன். பொய் சொல்லவில்லை. வேறு வழி இல்லை மாமா என்றும் சொன்னேன். என் கொடிக்கால் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்தே மஞ்சள் தெரிந்தது. அவரே பெல்ட்டைப் பிடித்து இழுத்துக் கழற்றினார். மாடு கட்டி உழுதவர், கையில் பலம் இருந்தது. சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார்.

கரண்ட் வந்தது. மோட்டாரைப் போட்டோம். பழைய முக்கல் இல்லை. தேனீ போலச் சன்னமாக ஓடியது. அவர் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு நடந்தார். நான் என் கிணற்றுக்கு ஓடினேன்.

எங்கள் மோட்டார் சுற்றியது. தண்ணீர் குழாயில் இருமிக்கொண்டு வந்து விழுந்தது. என் மனைவி மடையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பாத்தி மாற்றினேன்.

வீட்டுக்குள் நடந்ததைப் பெரியவர் பிறகு சொன்னார். அத்தை உடனே கண்டுபிடித்துவிட்டாராம், என்ன மோட்டார் லேசாக ஓடுகிறது என்று. இவருக்கு வாயில் என்ன வந்ததோ, ஊற்று பெரிதாகிவிட்டது, முக்காமல் இழுக்கிறது என்று சொல்லிவிட்டார். அத்தை சிரித்தாராம். படுத்த பிறகு சிரித்தது அன்றைக்குத்தான் என்றார். அதைச் சொல்லும்போது அவர் சந்தோஷமாக இல்லை.

அதன் பிறகு அத்தைக்குப் பேச்சு வந்துவிட்டது. நாற்று விட்டாயா, வரப்பு வெட்டினாயா, கீழ்க் கழனியில் முதலில் நடு என்று இவரை விரட்ட ஆரம்பித்தார். இவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வருவார். கொட்டகை வாசலில் குந்தியிருந்துவிட்டுக் காலில் ஈரச் சேறு பூசிக்கொண்டு போவார். சேறு எங்கள் வாய்க்காலில் இருந்து எடுத்தது. நான் பார்த்தும் பார்க்காதது போல இருப்பேன்.

ஒரு நாள் பித்தளைச் சொம்போடு வந்தார்.

"மோட்டார்த் தண்ணி ஒரு வாய் வேணுமாம்."

எங்கள் குழாயில் பிடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார். தண்ணீர் அலம்பியது. என் மனைவி வந்து சொம்பை வாங்கிக்கொண்டாள். நான் கொடுக்கிறேன், நீங்கள் பின்னால் வாருங்கள் என்றாள். அவர் பின்னாலேயே போனார்.

அவள் திரும்பி வந்து சொன்னது இவ்வளவுதான். அத்தை தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். மெதுவாகக் குடித்தார். கொஞ்சம் வாயில் வைத்திருந்து முழுங்கினார். அப்புறம் இவளைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க கொடிக்காலுக்குப் பாயுதா?"

"பாயுதுங்க அத்தை."

"அப்ப சரி."

அவ்வளவுதான் பேச்சு. அவருக்குத் தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று நான் என் மனைவியைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பெரியவர் அந்த வீட்டுக்குள்தான் நின்றிருந்தார். அவரும் அதைப் பற்றிக் கடைசி வரை பேசவில்லை.

கீழ்ப் பாத்தி இரண்டும் செத்தது. மற்றது பிழைத்தது. முதல் கிள்ளு கடத்தூருக்குப் போன வாரத்தில் அத்தை இறந்தார். பகலில், பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது. பெண்கள் அழும் சத்தத்துக்கு நடுவில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை. கரண்ட் போனபோது அதுவாக நின்றது.

காரியம் முடிந்து பொம்மிடியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் ரயிலுக்குப் போய்விட்டார்கள். மறுநாள் போனேன். பெரியவர் கொட்டகை வாசலில் குந்தியிருந்தார். வீடு பூட்டியிருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கரண்ட் வந்தது. எழுந்து போய் ஸ்டார்ட்டரைத் தள்ளினார். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். கரண்ட் போகும் வரை இருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

தினமும் ஓட்டினார். லைனில் இருந்தவர்களுக்குத் தெரியும். வம்புக்காரர்கள்தான் எல்லோரும். ஆனால் ஒருத்தரும் போய்க் கேட்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. கரட்டுத் தண்ணீர் எல்லாம் இறங்கியது. அவர் கிணற்றில் பாதிக்கு ஏறிவிட்டது. நான் சந்தோஷமாகப் போனேன். ஆணியில் இருந்த பெல்ட்டை எடுத்துத் துடைத்தேன். இறுகிய பம்பைப் பிரித்து மாட்டித் தருகிறேன், ராகியாவது போடுங்கள் மாமா என்றேன்.

"வேணாம்பா" என்றார். "சத்தம் மாறிடும். நீ தண்ணி கட்டப் போ."

பெல்ட்டை ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்தேன்.