அம்மாவின் வெற்றிலையும் மாமாவின் சக்கையும்

புக்கிட் காத்தில் என்ற ஊரில் எங்கள் வீட்டு வெற்றிலைக் கொடிக்கு இருந்த மரியாதை எங்களில் யாருக்கும் இருந்ததில்லை. குளிக்காமல் அதன் பக்கம் போகக் கூடாது, செருப்பு ஆகாது. அக்காவின் நிச்சயதார்த்தத் தட்டில் அந்தக் கொடியின் இலைதான் இருக்கும் என்று அம்மா எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். அந்த வருஷ மழையில் இலைகள் கறுப்புப் புள்ளி விழுந்து அழுகத் தொடங்கின. கொடி பட்டுப்போனால் சம்பந்தமும் விளங்காது என்று அம்மாவுக்குப் பயம். சாமிக்கு வைக்கிற இலைக்குப் பூச்சி மருந்து அடிக்க மனம் வரவில்லை. விரதம் இருந்தார்.

அம்மாவின் தம்பியான எங்கள் மாமா விரதத்துக்கு நேர் எதிர். பகலில் செடி விற்கும் சீன முதலாளியிடம் வேலை; அவரைத் தவுக்கே என்பார். மற்ற நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் ஜாடியில் திராட்சை ஊறப்போட்டு ஒயின் வடிப்பார். உருப்படாதவன் என்பது அம்மா அவருக்கு வைத்த செல்லப் பெயர்.

ஒரு நாள் அம்மா கோயிலுக்குப் போன சமயம், ஒயின் வடித்து மிஞ்சிய சக்கையை, தோலும் கொட்டையுமாக, மாமா வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டினார். துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கும் புட்டியில் அதை ஊற்றி என்னிடம் கொடுத்து, கொடியின் கொழுந்திலும் மிச்சமிருந்த நல்ல இலையிலும் தெளிக்கச் சொன்னார். காவல் அவர், தெளிப்பு நான். சாமி கண்ணைக் குத்தப்போகிறது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

“இது மருந்து இல்ல. செடிய லேசா கிள்ளி விடுற மாதிரி. எதிரி வந்துட்டான்னு நெனச்சு அதுவே தயாராயிக்கும். தவுக்கே சொன்னாரு லா,” என்றார்.

வாரம் ஒரு தரம் தெளித்தோம். அழுகிய இலைகள் உதிர்ந்தன. புதிதாக வந்தவற்றில் புள்ளி இல்லை.

நிச்சயதார்த்தத்தன்று தட்டு நிறையப் பச்சைப் பசேலென்று இலை. அம்மா சம்பந்தி வீட்டாரிடம் விரதத்தின் மகிமையைச் சொல்லிக் கண் கலங்கினார். அதோடு விடாமல் மாமாவைக் காட்டி, “இவனும் குடிய விட்டுட்டு என்னோட விரதம் இருந்தா உருப்படுவான்,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். மாமா சட்டென்று ஒரு வெற்றிலையை மடித்து என் வாயில் திணித்தார்.

“மெல்லுடி. பேசாத.”

காரத்தில் கண்ணில் நீர் முட்ட மென்றேன். மாமா மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். இப்படியும் ஒரு கோழையா என்று நினைத்துப் பல நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், குடி வாடை பட்ட இலை என்று அம்மா அந்தத் தட்டை அங்கேயே கொட்டியிருப்பார், அதோடு அக்காவின் கல்யாணமும் நின்றிருக்கும். மாமாவுக்கு அது தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.