அறுபது நிமிடச் சரிவு

போன ஞாயிறு காலை முழுவதும் ஒரு மரப்பலகையைப் பார்த்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தேன். பலகையில் ‘7’ என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். அதைப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு ஏன் வந்தது?

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். டாக்டர் என்னை ஏதாவது விளையாடச் சொன்னார். படுத்துக்கொண்டே விளையாடும் விளையாட்டு உண்டா என்று தேடினேன். ரைஃபிள் கிளப் அகப்பட்டது. லைசன்ஸ், பாதுகாப்பு வகுப்பு, அலமாரிக்குப் பூட்டு எல்லாம் முடித்து இப்போது நானும் ஓர் உறுப்பினன்.

கிளப்பில் எனக்கு ஜோடி ஃபாரூக். நாகூர்க்காரர், பல் டாக்டர், இங்கே நோபல் பார்க் புறநகரில் எனக்கு அடுத்த தெரு. வருடா வருடம் ஜோடிப் போட்டி நடக்கும். முதலில் ஐம்பது மீட்டர், பிறகு இருநூறு மீட்டர். முதலில் வருகிற ஜோடிக்குக் கைதட்டல். கடைசியாக வருகிற ஜோடிக்கு, கிளப்பின் ‘ஓப்பன் டே’ அன்று பார்பிக்யூ அடுப்பு.

போன வருடம் அந்த அடுப்பு எங்களுக்குக் கிடைத்தது. நான் சைவம். அவர் ஹலால். இரண்டு பேரும் தொடமாட்டாத சாசேஜை நாள் முழுக்கப் புரட்டினோம். இடுக்கியை நான் பிடித்தேன், ஃபாரூக் கொஞ்சம் தள்ளி நின்று வெங்காயம் வதக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெந்ததா என்று ருசி பார்க்க எங்கள் பக்கம் ஆளே இல்லை. ஊரையெல்லாம் கூப்பிட்டுப் பரிமாறினோம், நாங்கள் மட்டும் பட்டினி.

“அண்ணே, இன்னொரு தடவ அந்தப் புகையில நிக்க என்னால ஆகாது. இந்த வருஷமும் கடைசின்னா நான் கிளப்ப விட்டுடுறேன்” என்றார் ஃபாரூக். விளையாட்டாகச் சொல்லவில்லை. அவர் போனால் எனக்கு ஜோடி கிடையாது. கிளப்பில் வேறு யார் என்னோடு சேருவார்கள்? என் மதிப்பெண் எல்லோருக்கும் தெரியும்.

நாங்கள் தோற்றதற்குக் காரணம் என் கை மட்டுமல்ல, பௌதிகமும்தான். நாங்கள் சுடுவது சின்ன ரைஃபிள். குண்டு சப்சோனிக் ரகம், அதாவது சத்தத்தைவிட மெதுவாகப் போவது. வெடிச்சத்தம் போய் இலக்கில் காத்துக்கொண்டிருக்கும், குண்டு ஆற அமரப் பின்னால் வரும். நம் தமிழ்ச் சங்க விழாவுக்கு வருகிற பிரதம விருந்தினர் மாதிரி. மெதுவாகப் போவதால், இருநூறு மீட்டர் போவதற்குள் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் கீழே இறங்கிவிடும். அதை ஈடுகட்ட, குறிபார்க்க ரைஃபிள் மேல் மாட்டியிருக்கும் ஸ்கோப்பின் குமிழைத் திருக வேண்டும். போன வருடம் திருகினேன், திருகினேன்... குமிழ் முடிந்துவிட்டது. குண்டு அப்போதும் கீழேயேதான் விழுந்தது.

இதற்கு வைத்தியம் சரிவு பேஸ். ஸ்கோப்புக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் வருகிற உலோகப் பட்டை. முன்பக்கம் ஒல்லி, பின்பக்கம் தடிப்பு. மாட்டினால் ஸ்கோப் லேசாகக் குனியும். குனிந்த ஸ்கோப்பால் இலக்கைப் பார்க்கும்போது குழல் தானாக மேலே நிமிரும். குமிழுக்குப் பாதி வேலை மிச்சம்.

கடையில் மூன்று இருந்தன. இருபது நிமிடச் சரிவு, நாற்பது, அறுபது. கடிகார நிமிடம் இல்லை; ஒரு டிகிரியை அறுபதாக வெட்டினால் வருகிற நிமிடம்.

“இருபது போதும் அண்ணே. நெட்ல எல்லாரும் அதான் சொல்றான்” என்றார் ஃபாரூக்.

“மூன்றும் ஒரே விலையா?” என்று கடைக்காரரைக் கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினார்.

ஒரே விலை! ஒரே விலைக்கு இருபதும் கிடைக்கும், அறுபதும் கிடைக்கும் என்றால், இருபதை வாங்குகிற தமிழன் எந்த ஊரில் இருக்கிறான்?

“அப்ப அறுபது தாங்கோ” என்றேன். “நாளைக்கு முந்நூறு மீட்டர் வைச்சாலும் உதவும் ஃபாரூக்.”

வீட்டில் பட்டையைக் காட்டியதும், யூனிவர்சிட்டி போகும் என் மகள் சிரித்தாள். “டாட், இட்ஸ் மை ப்ளேஸர் ஆல் ஓவர் அகெய்ன்.” ஏழாம் வகுப்பில் அவளுக்குப் பள்ளி ப்ளேஸர் கோட்டு வாங்கினோம். வளருவாள் என்று இரண்டு சைஸ் பெரிதாக. பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அவள் விரல் நுனியை எந்த ஆசிரியரும் பார்த்ததில்லை.

“அப்பா உனக்கு மட்டுமா செய்தவர்? இந்தச் சோபாவைப் பார். கதவைக் கழட்டித்தானே உள்ளுக்குக் கொண்டு வந்தவை” என்றாள் மனைவி. நான் ஸ்க்ரூ முடுக்குவதில் கவனமாக இருந்தேன்.

அந்த வாரம் மழை, சுடும் மைதானம் பூட்டியிருந்தது. அதனால் போட்டியன்று காலைதான் முதல் குண்டு. ஐம்பது மீட்டரில் பயிற்சிக்குச் சில குண்டு சுட விடுவார்கள். சுட்டேன். ஃபாரூக் தூரக்கண்ணாடியில் பார்த்தார்.

“அண்ணே, பேப்பர்லயே இல்ல.”

இன்னொன்று.

“மேல போவுது. பின்னால மண்மேட்ல தூசி பறக்குது. ஓரடிக்கும் மேல இருக்கும். எறக்குங்க.”

இறக்கினேன். குமிழ் இந்தத் தடவை மறுபக்கம் முடிந்துவிட்டது. அறுபது நிமிடச் சரிவு குழலை அவ்வளவு நிமிர்த்தி வைத்திருந்தது. இருநூறு மீட்டருக்கு நான் தயார், முந்நூறுக்கும் தயார்... பக்கத்தில் ஐம்பது மீட்டரில் இருக்கிற காகிதத்தைத் தொட வழியில்லை.

ஃபாரூக் தூரக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தார். தூரத்தில் அடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாயைத் திறங்க என்று சொல்லிவிட்டுப் பல்லைப் பிடுங்கப் போகிறவரின் பார்வை.

“ஒவ்வொரு குண்டும் ஒரே அளவுக்குத்தான மேல போவுது?” என்றார்.

“ஓம்.”

“அப்ப இலக்கப் பாக்காதீங்க. கீழ நம்பர் பலக இருக்குல்ல, ஏழுன்னு. அதப் பாத்து அடிங்க.”

அப்படித்தான் நானும் அந்தப் பலகையும் பழகினோம். ஏழின் தலைக்குக் குறி வைப்பேன், மேலே காகிதத்தில் ஓட்டை விழும். ஏழின் முழங்காலுக்குக் குறி வைத்தால் இன்னும் நடுவில். பக்கத்தில் படுத்திருந்த வெள்ளைக்காரர், ஏதாவது தொலைந்துவிட்டதா என்று விசாரித்தார். வாழ்நாளில் எத்தனையோ விஷயத்துக்குக் குறிவைத்து வேறெதையோ அடைந்திருக்கிறேன். திட்டம் போட்டு அப்படி அடைந்தது இதுதான் முதல் தடவை.

இருநூறு மீட்டரில் அறுபது நிமிடம் தன் கடமையைச் செய்தது. குமிழில் இடம் தாராளம். குண்டு ஆற அமரப் போய், காகிதத்திலேயே விழுந்தது. ஃபாரூக் எப்போதும் போல நன்றாகச் சுட்டார்.

முடிவு அறிவித்தார்கள். கடைசிக்கு ஒரு படி மேலே எங்கள் பெயர்! கோப்பை வாங்கினவர்கள்கூட அப்படிக் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை.

“அடுத்த வருஷமும் வர்றேண்ணே. ஆனா மொதல்ல அந்தப் பட்டைய மாத்துங்க. இருபது. தெரியுதா?” என்றார்.

“ஓம் ஃபாரூக், இருபதுதான். இனி அளவுக்கு மேல ஒண்டும் வாங்க மாட்டன்.” மனதாரத்தான் சொன்னேன்.

கிளம்பும்போது எல்லோருக்கும் கிளப் டி-ஷர்ட் கொடுத்தார்கள். இலவசம். மேசையில் இருந்த பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்து, மீடியம் சரியாக இருக்கும் என்று ஒன்றை எடுத்தார்.

எக்ஸ்எல் இருக்கிறதா என்று கேட்டேன்.