பாக்கியசாமியின் இரண்டு சைலன்சர்

மலாக்கா பக்கத்து ஜாசின் சாலையில் வாடகைக் கார் ஓட்டியவர்களில் பாக்கியசாமியைப் போல் தன் காரோடு மல்லுக்கு நின்றவர் வேறு யாரும் இல்லை. மற்ற டிரைவர்கள் கார் உறும வேண்டும் என்று ஆசைப்பட்ட காலம் அது. சைலன்சருக்குள் இருக்கும் தகடுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கடைத்தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி ஓட்டுவார்கள். பாக்கியசாமி மட்டும் தன் காரின் வாயை எப்படி அடைப்பது என்று ஊர் ஊராக அலைந்தார். காருக்கு ஊமை மருந்து தேடுகிறார் என்று கேலி பேசினார்கள். பேசினவர்களுக்கு என்ன, அவர்கள் வீட்டில் பிரிஜிட் இல்லை.

பிரிஜிட் அவருடைய மனைவி. மூங்கில் தோட்டம் என்ற ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினாள். மகன் சவரிநாதனுக்கும் அதே தோட்டத்தில்தான் வேலை. ஒரே பிள்ளை, அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலம் உச்சத்தில் இருந்த ஒரு வருஷம், விடிந்தும் விடியாமலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு வெட்டுக்குப் போன தோட்டத்து லாரியை, மலை வளைவில் மறைந்திருந்தவர்கள் சுட்டார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த கங்காணிக்கு வைத்த குறியோ, பின்னால் வந்த காவல் ஜீப்புக்கு வைத்த குறியோ, இன்றுவரை யாருக்கும் தெரியாது. தாயும் மகனும் லாரியில் ஒரே பலகையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். குண்டு மகன் கழுத்தில் பட்டது.

மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அவன் உயிர் போய்விட்டது. அங்கேயே டவுனில், கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்தார் பாக்கியசாமி. பிரிஜிட் அடக்கத்துக்குப் போகவில்லை. அன்று அவள் தோட்டத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்தபடி, யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் காது கேட்காதவளாகக் கிடந்தாள். பெற்ற பிள்ளையின் குழியை அவள் பார்க்கவே இல்லை.

லாரியில் என்ன நடந்தது என்று போலீஸ்காரர்கள் கேட்டார்கள். பங்குச் சாமியார் கேட்டார். பாக்கியசாமியும் ஒரே ஒரு தடவை கேட்டார். "சத்தம் கேட்டுச்சு" என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

கார் விஷயம் அதன் பிறகு வந்தது. அவருடையது பழைய ஆஸ்டின். அடியில் போகும் எக்சோஸ் குழாய் துருப்பிடித்து ஓட்டை ஓட்டையாய் இருந்தது. அவர்கள் குடியிருந்த, முள்கம்பி வேலி போட்ட தோட்டத்து லயத்துக்கு வரும் இறக்கத்தில் அவர் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தாரோ இல்லையோ, டப், டப்பென்று வெடிக்கும். வேலைக்குத் திரும்பாமல் வீட்டோடு கிடந்த பிரிஜிட், அந்தச் சத்தம் கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் குனிந்துவிடுவாள். முதல் தடவை அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் விறகுக் கட்டுக்குப் பக்கத்தில், இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, நெற்றி தரையில் படக் குனிந்திருந்தாள். பக்கத்தில் உலைச்சோறு கொட்டிக் கிடந்தது. சோறு ஊட்டி வளர்த்த பிள்ளையை இழந்த வீட்டில், தன் காரே துப்பாக்கி மாதிரி வந்து நிற்கிறதே என்று பாக்கியசாமி அழுதார். வெளியில் போய் நின்றுதான் அழுதார்.

மறுநாளிலிருந்து இறக்கத்தின் உச்சியிலேயே இஞ்சினை நிறுத்திவிட்டு, வண்டியைச் சும்மா உருட்டிக்கொண்டு வந்தார். ஒரு வாரம் போயிருக்கும். முள்கம்பி கேட்டில் நின்ற காவலர் அவரைப் பிடித்துக்கொண்டார். பொழுது சாயும் நேரத்தில் சத்தமில்லாமல் உருண்டு வருகிற வண்டியை யார் வண்டி என்று கண்டோம், இன்னொரு தடவை இப்படி வந்தால் சுட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. இஞ்சின் ஓட வேண்டும், ஆனால் வெடிக்கக் கூடாது. அப்படி ஒரு சைலன்சரைத் தேடித்தான் பாக்கியசாமி மலாக்காவுக்குப் போனார்.

சீன முதலாளி ஆ லோய் தவுக்கேயின் பட்டறைச் சுவரில் சைலன்சர்கள் வரிசையாகத் தொங்கின. கம்பெனிச் சாமான் வேண்டுமென்றால் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று கேட்கக் கூடாது. பட்டறையிலேயே தகரம் வளைத்துச் செய்தது ஒன்று இருந்தது. உடைத்த காரிலிருந்து கழற்றியவை சில. ராணுவம் கழித்துப்போட்ட வண்டியிலிருந்து வந்த நீளமான ஒன்றும் இருந்தது. ஒவ்வொன்றையும் கம்பியால் தற்காலிகமாகக் கட்டச் சொல்லி, தவுக்கேயை இஞ்சினை முடுக்கச் சொல்லிவிட்டு, பாக்கியசாமி காருக்கு முதுகைக் காட்டி ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். கண்ணை மூடினார். தன் காதை வீட்டில் வைத்துவிட்டு, பிரிஜிட்டின் காதை எடுத்து வந்தவர் போலத்தான் இருந்தது அவர் உட்கார்ந்திருந்த விதம்.

தவுக்கேக்கு மலாய்தான் வரும், பாக்கியசாமிக்கும் கடைத்தெரு மலாய் நன்றாக வரும். தகரத்தில் செய்ததை மாட்டியதும், "இது ஆடு கத்துற மாதிரி இருக்கு தவுக்கே, கழட்டுங்க" என்றார். அடுத்தது, வண்டி நின்றிருக்கும்போது பூனை மாதிரி இருந்தது. தவுக்கேக்குச் சந்தோஷம்.

"இது நல்லாத்தானே இருக்கு லா?"

"மிதிச்சிட்டு, சட்டுனு கால எடுங்க."

டப்பென்றது. பாக்கியசாமியின் தோள் துள்ளியது. கழற்றச் சொல்லிவிட்டார். பொழுது முழுக்க இதே கதை. தவுக்கே பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவர், அன்று அந்தப் பெயர் போய்விடும் போல் இருந்தது. கடைசியில் ராணுவ வண்டியின் சைலன்சர்தான் தேறியது. குழாயில் ஓட்டை இருந்த இடமெல்லாம் வெட்டி எறிந்து, புதுக் குழாய் ஒட்டி மாட்டினார்கள். காலை எடுத்தால் டப் இல்லை. ஆனால் எங்கோ உள்ளே, வாயைப் பொத்திக்கொண்டு இருமுவது போல ஒரு சின்னச் சத்தம் மிச்சம் இருந்தது.

"இதுக்கு மேல எந்தக் காரும் அமைதியா இருக்காது லா" என்றார் தவுக்கே.

"இதுக்குப் பின்னால இன்னொன்னு மாட்டுங்க."

"ரெண்டு சைலன்சரா? இஞ்சின் மூச்சு முட்டும். மேடு ஏறாது."

"ஏறாட்டி போவுது. மாட்டுங்க."

ஒற்றைக் காலில் நின்று இரண்டையும் மாட்டிக்கொண்டுதான் வந்தார். கார் மேட்டில் மாடு போல் மூச்சு வாங்கியது உண்மைதான். ஆனால் அன்று மாலை அவர் லயத்து வாசலில் வந்து நின்றபோது, குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த பிரிஜிட் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவ்வளவுதான். பிறகு மறுபடி துணியை அலசினாள். பாக்கியசாமி காரை விட்டு இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

சில நாள் கழித்து அவளே கேட்டாள்: "ஏங்க, கல்லறைத் திருநாளைக்கு என்னைய டவுனுக்குக் கூட்டிட்டுப் போவீங்களா? நான் அவனப் பாக்கணும்."

அவர் காரைக் கழுவினார். உள்ளே மெத்தையைத் தட்டித் துடைத்தார். திருநாள் காலையில் பிரிஜிட் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, செய்தித்தாளில் சுற்றிய மெழுகுவத்திகளும் ஒரு கொத்து கோழிக்கொண்டைப் பூவும் மடியில் வைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தின்பண்டம் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சோறு போகக் கூடாது என்று சாலையில் ஒரு பிடி அரிசியைக்கூட விடாத காலம் அது. கார் இறக்கத்தில் இறங்கியது. அவள் குனியவில்லை. பாக்கியசாமி ஓரக்கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

பாதி வழி தாண்டியதும் சாலையை மறித்திருந்தார்கள். எல்லா வண்டியையும் சோதித்தார்கள். மெழுகுவத்திக் கட்டைப் பிரித்து, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று ஒன்றை ஒடித்துப் பார்த்தார்கள். சரி, போகலாம் என்று பாக்கியசாமி நினைத்த நேரம், ஒரு சிப்பாய் குனிந்து காருக்கு அடியில் பார்த்துவிட்டு வெள்ளைக்கார அதிகாரியைக் கூப்பிட்டான்.

"எந்தக் காருக்கு ரெண்டு சைலன்சர் இருக்கு?" என்று அதிகாரி மலாயில் கேட்டார்.

"மனைவிக்குச் சத்தம் ஆகாதுங்க, துரை."

வேறு என்ன சொல்வது? சொன்னது சத்தியம்தான், ஆனால் கேட்பவனுக்குச் சிரிப்பு வரும். அந்த அதிகாரி சிரிக்கக்கூட இல்லை. போன வாரம்தான் அதே இடத்தில் ஒரு சைக்கிளின் குழாய்க்குள்ளிருந்து அரிசி கொட்டியிருந்தது. காரை ஓரம் கட்டச் சொன்னார். உளியும் சுத்தியலும் வந்தன. அடியில் படுத்து வெட்டச் சொன்னது பிச்சைமுத்துவை. இந்தப் பிச்சைமுத்து போலீஸில் சேருவதற்கு முன்னால் பாக்கியசாமியின் காரில் டவுனுக்குப் போய்வந்தவன். அவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சுத்தியல் விழுந்தது. இரும்பில் இரும்பு மோதும் சத்தம் ரப்பர் மரங்களுக்குள் போய் எதிரொலித்தது. பாக்கியசாமி ஓடிப்போய் மரத்தடியில் நின்ற பிரிஜிட்டின் காதுகளைத் தன் கையால் பொத்தினார். அவள் அந்தக் கைகளை மெதுவாக எடுத்துவிட்டாள். பின்னால் இருந்த சைலன்சர் பிளந்தது. உள்ளே கரிதான் இருந்தது. அதோடு விடுவார்களா? முன்னால் இருந்ததையும் பிளந்தார்கள். அதிலும் கரிதான். அதிகாரி கையைக் காட்டிப் போகச் சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

"மன்னிச்சுக்குங்கண்ணே" என்றான் பிச்சைமுத்து, முகமெல்லாம் கரியோடு. "டவுன்ல குடுத்து ஒட்ட வெச்சிக்கலாம்."

பாக்கியசாமி அவனைத் தாண்டி நடந்தார். பிரிஜிட்டிடம் போனார். "நடந்தே வீட்டுக்குப் போயிரலாம் வா. காரு இங்கயே கெடக்கட்டும்."

"கார எடுங்க. அவன்கிட்ட போவணும்."

"வெடிக்கும் பிரிஜிட்டு. வழியெல்லாம் வெடிக்கும்."

"வெடிக்கட்டும்." அவள் பூக்கொத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "சத்தத்துக்குப் பயந்துக்கிட்டா நான் குனியிறேன்? அன்னிக்கி மொதச் சத்தம் கேட்டதும் புள்ள குனிஞ்சிட்டான். என் மடியில மொகத்த வெச்சிக் குனிஞ்சிட்டாங்க அவன். அந்தப் பாழாப்போன லாரி தெனமும்தான் வெடிக்கும். நான் என்ன கண்டேன்? லாரிதான்டா வெடிக்குது, இம்புட்டுப் பெரிய பையன் குனியிறியே, எல்லாரும் பாத்துச் சிரிக்கப் போறாங்கன்னு, நான்தான் தோளப் புடிச்சி நிமித்தி விட்டேன்."

பூக்கொத்தில் வாடியிருந்த ஓர் இலையைக் கிள்ளி எறிந்தாள் பிரிஜிட்.

"நிமிந்தான். அடுத்த சத்தம் வந்துச்சு. அதுக்கப்புறம் எது வெடிச்சாலும், அவன் குனிய வேண்டியத நான் குனியிறேங்க."

ஒரு கணம் அவள்மேல் கை ஓங்கத்தான் தோன்றியது அவருக்கு. அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தம் இல்லை. அவனும் அவருக்குப் பிள்ளைதானே. மறு கணம், இத்தனை நாள் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு இவள் எப்படித் தண்ணீர் குடித்தாள், எப்படித் தூங்கினாள் என்று நினைத்ததும் அந்தக் கோபம் போய்விட்டது. சத்தத்தை அடைக்க அவர் ஊரெல்லாம் இரும்பு தேடியிருக்கிறார். அவளிடம் உட்கார்ந்து இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்.

அவர் காரின் கதவைத் திறந்துவிட்டார். அவள் ஏறி உட்கார்ந்தாள்.

முடுக்கியதுமே கார் இடி போல இடித்தது. சாலையில் நின்ற சிப்பாய்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதல் இறக்கத்தில் கார் வெடிக்கத் தொடங்கியபோது பிரிஜிட் குனியாமல் இருக்க முழு பலத்தோடு முயன்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். பாக்கியசாமி இடது கையை நீட்டி, அவள் பின்தலையில் வைத்து, மெதுவாகக் கீழே அழுத்தினார்.

"குனிஞ்சிக்கம்மா" என்றார். "யாரும் சிரிக்க மாட்டாங்க."

அவள் அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, பிள்ளை செத்த பிறகு முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள். கார் வெடித்த சத்தத்தில் அந்த அழுகை வெளியே யாருக்கும் கேட்கவில்லை. டவுன் வரும்வரை அவர் ஒற்றைக் கையாலேயே ஓட்டினார்.

கல்லறைத் தோட்டத்தில் அன்று நல்ல கூட்டம். வாசலில் காரை நிறுத்திவிட்டு, மதிலோரமாக மூன்றாவது வரிசையில் இருந்த மரச் சிலுவையைக் கைகாட்டினார். பிரிஜிட் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பூவையும் மெழுகுவத்திகளையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவர் கூடப் போகவில்லை. பிள்ளையிடம் அவள் தனியாகச் சொல்லட்டும் என்று காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.